அந்த நல்ல மேடம்

வீட்டாரைப் பொறுத்தவரை அவள் நோயாளி இல்லாத நர்சு. உப்பு இல்லாத கடல், வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம் என்கிற மாதிரி அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரி வார்டில் பாதி ஆயுளை ஓடித் தீர்த்தவள் அவள். ஒரு நாள் இடுப்பு, 'இனி நான் வரவில்லை, நீ மட்டும் ஓடு' என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், காதையும் வாயையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஹெட்போன். எதிரே ஆயிரக்கணக்கான நோயாளிகள் இருந்தார்கள், ஒருவர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது மாடி. கம்பளம் விரித்த தரை, ஏசிக் குளிர், ஸ்வெட்டர். ஒரு துளி டெட்டால் வாசனை கிடையாது. சேர்ந்த புதிதில் அவளுக்கு அதுதான் மிகவும் உறுத்தியது. இவ்வளவு சுத்தமான இடத்தில் யார் குணமாக முடியும்? வார்டில் மார்பில் குத்தியிருந்த தலைகீழ்க் கடிகாரத்தை இங்கேயும் குத்திக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நோயாளியின் கோப்பையும் படித்து மூடிய பிறகு, ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகிறவளைப் போல, எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். மூன்று நாளில் அவளுக்கு 'வார்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் எதிர் மேஜைக்காரன். அவனும் நர்சுதான், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்தவன். பதிலுக்கு அவள் அவனைத் 'தியேட்டர்' என்று கூப்பிட்டாள். புதிதாக வந்த ரிசப்ஷன் பெண் அவனிடம் என்ன படம் ஓடுகிறது என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை இதுதான். ஓர் ஆஸ்பத்திரி, 'இன்னாருக்கு இன்ன ஆபரேஷன் தேவை, நீங்கள் பணம் கட்டுவீர்களா?' என்று கேட்டு அனுப்பும். வார்டம்மா நோயாளியின் குறிப்புகளைப் படிப்பாள். தேவைப்பட்டால் நோயாளியைப் போனில் கூப்பிட்டுப் பேசுவாள். எல்லாம் பொருந்தி வந்தால் சரி என்று சொல்லிவிடுவாள். பொருந்தாவிட்டால் மேல் மாடி டாக்டருக்கு அனுப்புவாள். சரி என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு. முடியாது என்று சொல்ல இல்லை. உலகத்தில் இப்படி ஒரு விசித்திரமான அதிகாரம் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் சொந்தபந்தத்தில் ஒருவரும் இதை நம்பவில்லை. யாருக்கு எந்த நிறுவனம் பணம் தர மறுத்தாலும் அதை அவள்தான் மறுத்தாள் என்றே முடிவு செய்தார்கள்.

வந்த இடத்தில் அவள் புதிதாகக் கற்றுக்கொண்டது ஒரு குரல். வார்டில் அவள் குரல் எட்டாவது கட்டில்வரை தானாகப் போகும். சாய்ந்து கிடக்கிறவனை நிமிர வைக்கும். பயிற்சி கொடுத்த பெண் அதைக் கேட்டுவிட்டு, "மேடம், எதிர்ப்பக்கம் இருக்கிறவங்க நோயாளி, கைதி இல்ல" என்றாள். அதன் பிறகு வார்டம்மா ஒரு போன் குரலை வளர்த்தாள். தணிந்த குரல், அவசரமே தெரியாத குரல், நடுநடுவே 'ம்... சொல்லுங்கம்மா' என்று தலையணை போட்டுக்கொடுக்கிற குரல். வீட்டுக்காரருக்கு மட்டும் அதில் ஒரு வருத்தம். "அந்தக் குரலை ஆபீஸ் லிஃப்டுலயே கழட்டி வச்சுட்டு வந்துடுறா. எனக்குன்னு வீட்டுக்குக் கொண்டு வர்றது பழைய சரக்குதான்" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவள் திரையில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. வலது முழங்கால் மூட்டு மாற்று. நிறுவனம் கோப்புகளில் பெயரைக் காட்டாது. வேண்டியவர், வேண்டாதவர் என்று யாரும் பார்க்கக் கூடாதென்று எண்ணை மட்டும் காட்டும். ஓய்வுபெற்ற ஓர் ஊழியரின் மனைவி, வயது அறுபத்தொன்று. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. குறிப்புகளில் எல்லாம் இருந்தன: எக்ஸ்ரே, மாத்திரைகள், ஆறு வாரம் பிசியோதெரபி செய்தும் பலனில்லை என்று ஆஸ்பத்திரி எழுதிய ஒற்றை வரி. ஆபரேஷனுக்கு முன் காலுக்கு ஆறு வாரப் பயிற்சி கட்டாயம். அதை நோயாளியின் வாயாலேயே கேட்டு உறுதி செய்ய வேண்டும். போன் எண்ணும் மறைத்தே இருந்தது; வார்டம்மா திரையில் அழைப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம்மா. மருத்துவக் காப்பீட்டுப் பிரிவிலிருந்து நர்ஸ் பேசுறேன். ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?"

"தாராளமா பேசுங்க மேடம். நீங்க கூப்பிட்டதே பெரிய விஷயம்" என்றது ஒரு பட்டுக் குரல். யாரோ நல்ல வளர்ப்பில் வந்த பெண்மணி என்று வார்டம்மா மனதில் குறித்துக்கொண்டாள்.

பிறந்த தேதி கேட்டாள். அந்தப் பெண்மணி சொன்னது திரையில் இருந்ததோடு பொருந்தியது. மாடிப்படி எத்தனை ஏற முடிகிறது, இரவில் வலி எழுப்புகிறதா, என்றெல்லாம் கேட்டாள். பதில்கள் மரியாதையாகவும் தெளிவாகவும் வந்தன. கடைசியாகப் பயிற்சி பற்றிக் கேட்டாள்.

எதிர்ப்பக்கம் கொஞ்சம் இருமியது.

"உண்மையைச் சொல்லவா மேடம்?"

"சொல்லுங்கம்மா."

"நாலு நாள் பண்ணேன். ஆஸ்பத்திரியில கேட்டப்ப ஆறு வாரம்னு சொல்லிட்டேன். உங்க குரலைக் கேட்டா பொய் சொல்ல வரமாட்டேங்குது. காலை நீட்டித் தூக்கினா உள்ள கடக் கடக்னு ஒரு சத்தம் வருது மேடம். உடைஞ்சு போயிடுமோன்னு ஒரே பயம். யார்கிட்ட கேக்கிறது?"

"வீட்ல பக்கத்துல இருந்து பாத்துக்க யாரும் இல்லையாம்மா?"

"அவரு இருக்காரு. நான் கீழ விழுந்தாக்கூட பேப்பரைத் திருப்பிட்டுத்தான் எட்டிப் பாப்பாரு. மகள் வெளியூர்ல. ஒரு தங்கச்சி இருக்கா, அவளும் நர்சுதான். எங்கயோ இன்சூரன்ஸ்ல இருக்கா, என்ன வேலைன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல."

"அவங்ககிட்ட கேட்டிருக்கலாமே?"

"அவகிட்டயா! கடிச்சுக் குதறிடுவா மேடம். அவ உள்ள நுழைஞ்சா வீட்ல ஜன்னல் கதவெல்லாம் தானா திறந்துக்கும். ஆபரேஷன்னே அவகிட்ட இன்னும் சொல்லல."

வார்டம்மாவுக்கு அந்த முகம் தெரியாத தங்கையின் மேல் உண்மையாகவே கோபம் வந்தது. தன் தொழிலுக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிற ஜென்மங்கள். "வீட்டுல பெரியவங்ககிட்ட அப்படி நடந்துக்கக் கூடாதும்மா அவங்க" என்று கனிவாகச் சொன்னாள். "சில நர்சுங்களுக்கு வார்டுல அதட்டி அதட்டியே பழக்கம் ஆகிடும்."

"பாருங்க, நீங்களும் நர்சுதானே, எவ்வளவு தன்மையா பேசுறீங்க. அதுக்காக அவளைக் குத்தம் சொல்லல மேடம். சின்னதுல அவ ரொம்ப லேட்டாத்தான் நடந்தா. ரெண்டு வயசு தாண்டியும் நடக்கல. எங்கம்மா வேலைக்குப் போயிடுவாங்க. நான்தான் இடுப்புலயே வச்சுக்கிட்டு ஸ்கூல் வாசல் வரைக்கும் திரிவேன். அந்த இடுப்புக்குக் கீழ இருக்கற கால்தான் இது. அவ முன்னாடி போயி நொண்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது."

வார்டம்மாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வயது தாண்டியும் நடக்காத குழந்தை. ஸ்கூல் வாசல். ஜன்னல் கதவு. கூடப் பிறந்த அக்காவின் குரலை அவள் அடையாளம் கண்டுகொள்ளாததற்கு ஒரு நியாயம் உண்டு. இப்படி ஒரு பட்டுக் குரல் அக்காவிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பிறந்த தேதியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது யாரோ போட்டது; வீட்டில் யாரும் கேள்விப்படாதது. அக்கா தங்கையிடம் பேசுவது வேறு குரல். தண்ணீர் லாரிக்காரனோடும் அதே குரலில்தான் பேசுவாள். வெளியாட்களுக்கென்று இருவருமே ஒவ்வொரு குரலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நல்ல குரல்களும் இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தன. சந்தித்ததும் ஒன்றுக்கொன்று மிகவும் பிடித்துப்போயிற்று.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்கம்மா" என்றாள். குரல் எப்படியோ அதே குரலாக வந்தது.

விதி தெளிவானது. சொந்தக்காரரின் கோப்பைத் தொடக் கூடாது. தெரிந்த நொடியிலேயே கையைக் கழுவிவிட வேண்டும். அவள் லைனுக்குத் திரும்பி வந்து சொன்னாள்: "அம்மா, இனிமே உங்க கோப்பை வேற ஒருத்தர் பாப்பாங்க."

"ஏன் மேடம்? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க தப்பா ஒண்ணுமே சொல்லலம்மா."

"நீங்களே பாத்துக்கக் கூடாதா?"

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பது அழைப்பின் ஒலிப்பதிவில் இல்லை. மூக்குறிஞ்சுகிற சத்தம் மட்டும் இருக்கிறது. அழைப்புகளைக் கேட்டுத் தரம் பார்த்து மார்க் போடும் இளைஞன், 'தரம்' என்று எல்லாராலும் அழைக்கப்படுகிறவன், அன்று மாலை அந்த அழைப்புக்குக் கனிவில் முழு மார்க்கும், விதிமுறையில் பூஜ்யமும் போட்டான். இன்சூரன்ஸில் இருக்கும் நர்சுத் தங்கை என்று சொல்லப்பட்டபோதே அவள் விழித்துக்கொண்டிருக்க வேண்டுமாம். வார்டம்மா இரண்டு மார்க்கையும் ஒத்துக்கொண்டாள்.

கோப்பு எதிர் மேஜைக்குப் போயிற்று. தியேட்டர் அந்தப் பதிவு முழுவதையும் கேட்டான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற பாவனையில் அவள் பக்கம் வந்து நின்றான்.

"வார்டம்மா, உங்க அக்கா நாலு நாள்னு சொன்னப்ப லைன் கொஞ்சம் கொரகொரன்னு இருந்துச்சு, இல்ல?"

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்குச் சரியா காது கேக்கலைன்னு வச்சுக்கோங்க. தேதி குறிச்சாச்சு. வெளியூர் மகளும் லீவு போட்டிருப்பாங்க. நான் சரின்னு ஒரு தட்டு தட்டினா யாருக்கு என்ன போச்சு?"

யாருக்கு என்ன போகும் என்பது அவளுக்குத் தெரியும். புத்தம் புது மூட்டு வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்க முடியாமல் அழுதவர்களை அவள் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். மூட்டு புதிது, தொடை பழையது; வலு இல்லாத தொடை புது மூட்டை மதிக்காது. ஆறு வாரம் என்பது யாரோ பணத்தை மிச்சம் பிடிக்க எழுதி வைத்தது என்று ஊர் நினைக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்தக் காலுக்கு அது தேவை என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"கேட்டதை எழுதுங்க" என்றாள்.

"அக்கா விட மாட்டாங்களே உங்களை."

"விட மாட்டா. எழுதுங்க."

மேல் மாடி டாக்டர் ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு மறுபடி அனுப்பும்படி திருப்பிவிட்டார். தியேட்டர் அதை அக்காவுக்குப் போனில் சொன்ன நாள் மாலையில் வார்டம்மாவின் கைப்பேசி அடித்தது. இந்த முறை வந்தது தண்ணீர் லாரிக் குரல்.

"ஏன்டி, உங்க கம்பெனியாமே அது! இப்பத்தான் உங்க அத்தான் சொல்றாரு. எனக்கு மூட்டு ஆபரேஷன்டி, தெரியுமா உனக்கு? தெரியாது! சொல்லலைல்ல! இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ, நிறுத்திட்டாங்க! முதல்ல ஒரு மேடம் பேசினா. தங்கம்! அவ இருந்திருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பா. நடுவுல எவனோ ஒரு ஆம்பளை பூந்து கெடுத்துட்டான். நீ அங்க இருந்து என்னடி பிரயோஜனம்?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அந்த மேடத்தைத் தெரியுமா உனக்கு?"

வார்டம்மா யோசித்தாள். "அவ்வளவா பழக்கமில்ல" என்றாள். அது பொய் என்றும் சொல்ல முடியாது.

மறுநாளிலிருந்து ஆபீஸ் முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் ஒரு திவான். அதன்மேல் அக்கா காலை நீட்டிப் படுத்திருப்பாள். சாய்வு நாற்காலியில் அத்தான், பேப்பருக்குப் பின்னால். வார்டம்மா உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள்.

"தூக்கு. இன்னும். முட்டியை மடக்காத. மடக்காதேன்னு சொன்னேன்ல!"

"வலிக்குதுடி!"

"வலிக்கட்டும். செத்துட மாட்டே."

"பாத்தீங்களா, இவளைத்தான் நான் தூக்கி வளர்த்தேன்!" என்று அக்கா பேப்பரிடம் முறையிட்டாள். பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது. "அந்த மேடமா இருந்தா இப்படியா சொல்லுவா?"

இது தினமும் நடந்தது. எதற்கெடுத்தாலும் அந்த மேடம். அந்த மேடத்துக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா? அந்த வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். அவள் அக்கா தங்கைகளோடு எவ்வளவு ஒற்றுமையாக இருப்பாள்! வார்டம்மாவுக்குத் தன் மேலேயே பொறாமை வந்தது. தன் இடத்தில் தானே வந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் லிஃப்டில் முடிவு செய்வாள். அக்கா வீட்டு வாசலில் அந்த முடிவு கழன்றுவிடும். அந்த மேடம் யார் என்று சொன்னால், இடுப்பில் தூக்கித் திரிந்த கதையைக் கேட்டவள் யார் என்றும் சொல்ல வேண்டும். நிறுத்தச் செய்தது யார் என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அக்கா இந்தக் கதவைத் திறப்பாளா என்பது தெரியவில்லை.

கால் மட்டும் முன்னேறவில்லை. தங்கை இருக்கும்போது சண்டைக்காகத் தூக்கும். அவள் கிளம்பியதும் படுத்துவிடும். இப்படியே போனால் ஆறு வாரம் முடிந்தும் பழைய கதைதான்.

ஒரு மாலை அக்கா வேகமாகக் காலைத் தூக்கினாள். உள்ளே அந்தக் 'கடக்' என்ற சத்தம் வந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சத்தம் போடவில்லை, திட்டவில்லை. திவானின் விரிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வார்டம்மா அக்காவை அப்படிப் பார்த்ததே இல்லை. அவளை அறியாமல் குரல் மாறியது.

"ஒண்ணும் ஆகலம்மா. அந்தச் சத்தத்தால எதுவும் உடையாது. அவசரமே இல்ல. மெதுவா மூச்சு விடுங்க. ம்... நான் இருக்கேன்."

அக்காவின் கால் அந்தரத்தில் நின்றது. அத்தானின் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. அந்தக் கூடத்தில் அது அபூர்வமான நிகழ்ச்சி.

கால் தானாக இறங்கிய பிறகு அக்கா கேட்டாள்: "எல்லாத்தையும் கேட்டுட்டியா நீ?"

"கேட்டேன்."

"இடுப்புல தூக்கினதும்?"

"ம்."

"நாலு நாள்னு எழுதச் சொன்னது அந்த ஆம்பளையா, நீயா?"

"நான்தான்க்கா."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வார்டம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போகச் சொன்னால் போகத் தயாராக. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போட்டது. அத்தான் எதையோ சொல்ல வாயைத் திறந்து, அனுபவஸ்தர் ஆகையால் மூடிக்கொண்டார்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் அப்படிப் பேசறே" என்றாள் அக்கா, சுவரிடம். "வீட்ல ஏன்டி பேச மாட்டேங்கிற?"

வார்டம்மா நாள் முழுவதும் பிறரைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிறவள். இந்தக் கேள்விக்கு, "நீயும்தான்" என்று சொல்ல வந்தாள். அதற்குப் பதில் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அக்கா மெல்லத் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே காலை நீட்டினாள். "உன்கிட்ட நான் பேசறதா இல்ல. பையை வச்சுட்டு, எத்தனை தடவை தூக்கறேன்னு அந்த மேடத்தை எண்ணச் சொல்லு."

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு இரண்டு பேர் வந்துபோனார்கள். தங்கையோடு அக்கா பேசவில்லை. அவள் கொண்டுவந்த பழத்தை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். மேடத்தோடு மட்டும் பட்டுக் குரலில் பேசினாள். "இன்னைக்கு நேத்தைவிட அஞ்சு தடவை கூடத் தூக்கினேன் மேடம்." "ரொம்ப நல்லதும்மா." "காலைலயும் பண்ணேன், யாரும் சொல்லாமலே." "பெரிய விஷயம்மா அது." அத்தான் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு நாள் அவரும் துணிந்து, "மேடம், ஒரு காபி கிடைக்குமா?" என்று கேட்டுப் பார்த்தார். அதற்கு மட்டும் பழைய குரலே பதில் சொன்னது.

ஆறு வாரம் கழித்துக் கோப்பு மறுபடி வந்தது. தியேட்டர் அக்காவைப் போனில் கூப்பிட்டுப் பேசினான். நடுவில் ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் எதிர் மேஜையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். "என்னை ரொம்பத் திட்டினாங்க. ஆனா காலைத் தூக்கி வச்சுக்கிட்டேதான் திட்டறேன்னு சொன்னாங்க, மூச்சு வாங்கவே இல்ல" என்றான்.

ஆபரேஷன் அன்று காலையில் அக்காவைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. வெளியே நீளமான தாழ்வாரம், வரிசையாக நாற்காலிகள், டெட்டால் வாசனை. வார்டம்மா உட்காரவில்லை. இத்தனை வருடம் அந்தக் கதவுக்கு உள்பக்கமே நின்றவளுக்கு வெளிப்பக்கம் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. அத்தான் அவளைப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார்.

கைப்பேசி அடித்தது. அக்கா.

"மேடமா?" என்றது பட்டுக் குரல், மிகவும் மெல்லிசாக. "உள்ள காத்திருக்க வச்சிருக்காங்க. போனை இன்னும் வாங்கல. ஒளிச்சு வச்சுருக்கேன்."

வார்டம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "சொல்லுங்கம்மா. நான்தான் பேசறேன்."

"என் தங்கச்சி வெளிய நிக்கறாளா மேடம்?"

"நிக்கறாங்கம்மா."

"காலைல சாப்பிட்டாளான்னு கேளுங்க. நான் கேட்டா எரிஞ்சு விழுவா."

வார்டம்மா மூடிய கதவைப் பார்த்தாள். "கேட்டேன்மா. இன்னும் இல்லையாம்."

"அதானே பாத்தேன். கீழ கேன்டீன் இருக்கு, போய்ச் சாப்பிடச் சொல்லுங்க. நின்னு நின்னு மயக்கம் போட்டு விழுந்தா..." குரலில் இருந்த பட்டு நழுவி, அடியில் இருந்த பழைய துணி தெரிந்தது. "நடந்தே போகச் சொல்லுங்க மேடம். இடுப்புல தூக்கிட்டுப் போக இப்ப என்னால முடியாதுன்னு சொல்லுங்க."

பதில் சொல்வதற்குள், எட்டாவது கட்டில்வரை போகிற ஒரு குரல் உள்ளேயிருந்து கேட்டது. "என்னம்மா இது, இங்க வந்தும் போன் பேசறீங்களா? கொடுங்க இப்படி!"

"நர்சு வந்துட்டா" என்று அக்கா அவசரமாகச் சொன்னாள். "உன்னை மாதிரியே கத்துறாடி. வச்சுடறேன்."